திரைச் சிரிப்பும் நாட்பேச்சும்: நகைச்சுவைக் காட்சிகள் முதுசொல் ஆகும் முறை

1. முன்னுரை

என் அக்கா மகள் திருமணத்துக்கு முந்தின நாள் இரவு. மண்டபத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பூக்காரர் போன் செய்து, கேட்ட ரோஜா மாலை கிடைக்கவில்லை, சம்பங்கியில்தான் கட்டித்தர முடியும் என்றார். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. மூன்று மாதமாக ஒவ்வொன்றையும் தேடித் தேடிச் செய்தவள் அவள். பக்கத்தில் நின்ற அவளுடைய இளைய மகன், பத்தாம் வகுப்புப் படிப்பவன், “அம்மா, பெட்ரோமாக்ஸ்” என்றான். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கணம் சிரித்துவிட்டாள். “சரி, சம்பங்கியே கட்டச் சொல்லு” என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் மொழியை நேசிப்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது. அந்தச் சொல்லுக்கு அகராதியில் ஒரு விளக்கின் பெயர் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அந்தப் பையன் தன் வாழ்நாளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்ததே இல்லை. அந்தச் சொல் பிறந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படம் வெளிவந்த 1984இல் அவன் பிறக்கவும் இல்லை. இருந்தும் அவன் சொன்னது அம்மாவுக்கு முழுதாகப் புரிந்தது. ‘கிடைக்காததற்கு ஏன் வருந்துகிறாய், இருப்பதை ஏற்றுக்கொள்’ என்று பத்தாம் வகுப்புப் பையன் தன் தாய்க்கு நேராகச் சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகியிருக்கும். அந்த ஒரு சொல் அதே புத்திமதியை மரியாதை கெடாமல் சொல்லி, அவளைச் சிரிக்கவும் வைத்துவிட்டது.

ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவை பழமொழிகள். தமிழ்த் திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் இன்று தமிழ்நாட்டு மக்களின் அன்றாடப் பேச்சில் பழமொழியின் இடத்தைப் பெற்றிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவை எப்படி அந்த இடத்துக்கு வந்தன, எந்த வகையில் பழமொழிகளிலிருந்து வேறுபடுகின்றன, அவற்றால் விளையும் நன்மையும் தீமையும் எவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நாட்பேச்சில் குடியேறிய திரைச்சொற்கள்

2.1 தொழிற்சொற்கள்

திரைத்தொழில் சார்ந்த சொற்கள் பொதுப்பேச்சில் கலந்திருப்பதை முதலில் குறிக்க வேண்டும். வீண் பெருமை காட்டுபவரைப் பார்த்து “சீன் போடாதே” என்கிறோம். பொய் சொல்பவரிடம் “ரீல் விடாதே” என்கிறோம். மிரட்டுபவரிடம் “படம் காட்டாதே”, ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குபவரிடம் “பில்டப் கொடுக்காதே” என்கிறோம். பழைய கதையைத் தொடங்கினால் அது ‘பிளாஷ்பேக்’. வீட்டுச் சண்டை முற்றினால் ‘கிளைமாக்ஸ்’. உறவினர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் ‘கெஸ்ட் ரோல்’. 

இவற்றில் பல பொய்மையைச் சுட்டுவதைக் கவனிக்க வேண்டும். நடிப்புக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் நன்கு அறிவார்கள் என்பதற்கு இச்சொற்களே சான்று. சினிமா தமிழரை மயக்கிவைத்திருக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். மயங்கியவர் வாயில் ‘படம் காட்டாதே’ என்ற சொல் வராது.

2.2 மாந்தர் பெயர்கள்

அடுத்த நிலை, கதைமாந்தரின் பெயர் பொதுப்பெயராவது. இது தமிழில் புதியதன்று. நெடுநேரம் தூங்குபவர் கும்பகர்ணன். இரு வீட்டுக்கிடையே மூட்டிவிடுபவர் நாரதர். கெட்ட யோசனை சொல்பவர் சகுனி. கூத்து மேடையிலும் கதாகாலட்சேபத்திலும் கேட்ட பெயர்களை மக்கள் தெருவுக்கு எடுத்து வந்தார்கள்.

அதே கை இப்போது திரைக்கு நீண்டிருக்கிறது. ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ள, வாய்ச்சவடால் மட்டும் உள்ளவருக்குப் பெயராகிவிட்டார். ‘தலைநகரம்’ (2006) படத்தின் நாய் சேகர், தன்னையும் ரவுடியாக யாராவது ஏற்றுக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்குபவர். அங்கீகாரத்துக்கு அலைபவர் எவரும் இன்று நாய் சேகர்தான். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாகேஷ் நடித்த வைத்தி, இரு பக்கமும் பேசிக் காரியம் சாதிப்பவருக்கு இன்னும் என் அம்மா சொல்லும் பெயர்.

பெயரே இல்லாத ஒரு மாந்தரும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார். ‘நாட்டாமை’ (1994) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் பெண் பார்க்கப் போகும் காட்சியில், சுற்றிலும் பேச்சு நடக்கும்போது ஒருவர் வாயே திறக்காமல் மிக்சர் தின்றுகொண்டிருப்பார். வசனம் இல்லை, கதையில் வேலை இல்லை. ஆனால் ‘மிக்சர் தின்பது’ என்பது, பொறுப்புள்ள இடத்தில் இருந்தும் ஒன்றும் செய்யாமல் வேடிக்கை பார்ப்பதைக் குறிக்கும் தொடராகிவிட்டது. குடும்பப் பஞ்சாயத்து முதல் அரசியல் விமர்சனம் வரை அது புழங்குகிறது. ‘கையைக் கட்டிக்கொண்டு நின்றார்’ என்ற பழைய தொடரைவிட இது கூர்மையானது. கையைக் கட்டியவர் சும்மா நிற்கிறார். மிக்சர் தின்பவரோ நிம்மதியாகவும் இருக்கிறார்.

2.3 தலைப்பாகத் திரும்புதல்

ஒரு தொடர் மக்கள் சொத்தாகிவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. அது மறுபடி படத்தலைப்பாக வருகிறதா என்று பார்க்கலாம். கவுண்டமணியின் ‘ஆல் இன் ஆல் அழகுராஜா’ 2013இல் தலைப்பாயிற்று. கைப்புள்ளயின் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ அதே ஆண்டில் தலைப்பாயிற்று. நாய் சேகரின் ‘நானும் ரவுடி தான்’ 2015இலும், ‘பெட்ரோமாக்ஸ்’ 2019இலும், ‘நாய் சேகர்’ 2022இலும் வந்தன. விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் தொழில், மக்கள் முன்பே மனப்பாடமாக வைத்திருக்கும் சொல்லைத் தேடி வருகிறது. திரையிலிருந்து தெருவுக்குப் போன சொல், தெருவில் விலை ஏறித் திரைக்குத் திரும்புகிறது.

3. நகைச்சுவை வேரூன்றியதற்கான காரணங்கள்

நாயகர்களின் வீர வசனங்களுக்குத் திரையரங்கில் கைதட்டல் அதிகம். பஞ்ச் வசனம் என்று அவற்றுக்குத் தனிப்பெயரும் உண்டு. இருந்தும் வீட்டில், கடையில், அலுவலகத்தில் நாளுக்குப் பத்துமுறை எடுத்தாளப்படுபவை நகைச்சுவைக் காட்சிகளே. இதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

3.1 வட்டார வழக்கு

தமிழ்ப் படங்களில் நாயகன் நெடுங்காலம் மேடைத்தமிழ் பேசினான். அவன் அருகில் நின்ற நகைச்சுவை நடிகர்தான் ஊர்த்தமிழ் பேசினார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனின் பேச்சில் நாஞ்சில் நாட்டு வாடை இருந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த கவுண்டமணி கொங்குத் தமிழைக் கொண்டுவந்தார். வடிவேலு மதுரையைக் கொண்டுவந்தார். தன் பாட்டி பேசும் தமிழைத் திரையில் கேட்க விரும்பியவருக்கு நகைச்சுவை நடிகரே கதி.

ஆகவே அந்த வசனங்கள் வெளியிலிருந்து பேச்சுக்குள் நுழையவில்லை. பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவை பேச்சுக்கே திரும்பின. போகிற போக்கில் ஒரு வட்டாரத்தின் இழுப்பும் ஏற்றமும் மற்ற வட்டாரங்களுக்குப் பழகின. திருநெல்வேலிப் பையன் மதுரை இழுப்பிலும், சென்னைப் பெண் கொங்கு ஏற்றத்திலும் ஒரு வரி சொல்லிச் சிரிக்கிறார்கள். பாடநூல்கள் செய்யாத ஒரு வட்டார வழக்கு அறிமுகத்தை இந்தக் காட்சிகள் செய்திருக்கின்றன.

3.2 கழற்றி எடுக்கத்தக்க அமைப்பு

தமிழ்ப் படத்தில் நகைச்சுவைக்கென்று தனித் தடம் உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் குழுவினரோடு தனியே உருவாக்கிய நகைச்சுவைப் பகுதிகள் படங்களில் சேர்க்கப்பட்ட காலத்திலிருந்தே இது மரபாயிற்று. கவுண்டமணி–செந்தில் காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. நகைச்சுவைப் பகுதிக்கென்றே எழுத்தாளர்கள் இருந்தார்கள். ‘வைதேகி காத்திருந்தாள்’, ‘கரகாட்டக்காரன்’ போன்ற படங்களுக்கு அவ்வாறு எழுதியவர் ஏ. வீரப்பன்.

நகைச்சுவைத் தடம் மையக் கதையோடு ஒட்டாமல் நிற்கிறது என்று விமர்சகர்கள் குறை சொல்வதுண்டு. கதையமைப்பு நோக்கில் அது நியாயமான குறை. ஆனால் அந்த ஒட்டாமைதான் அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. ஐந்து நிமிடக் காட்சி, தனக்குள்ளேயே தொடக்கமும் முடிவும் கொண்டது, முன்கதை தெரியாமலே ரசிக்கத்தக்கது. படத்தை மறந்தவர்களும் காட்சியை நினைவில் வைத்திருக்கிறார்கள். நகைச்சுவைக்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசைகள் தமிழில் தோன்றியதும், கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்க்கும் வழக்கம் வந்தபோது இக்காட்சிகள் அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியதும் இந்த அமைப்பினாலேயே.

3.3 காதுவழிப் பரவல்

மூன்றாவது காரணம் ஒலி. ஊரில் கொடை, திருவிழா, காதுகுத்து என்றால் சவுண்ட் சர்வீஸ்காரர் பனைமரத்தில் குழாய் கட்டுவார். பாட்டுகளுக்கு இடையே படத்தின் கதைவசனத்தை ஓடவிடுவார். ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) எங்கள் ஊரில் அப்படி ஒலிக்காத ஆண்டே இல்லை. ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டுக் கோயிலில் தனியே புலம்பும் தருமியின் குரலைப் படம் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நான் கேட்டுவிட்டேன். களையெடுக்கும் பெண்கள் அந்த வசனங்களைக் குழாயை முந்திக்கொண்டு சொல்வார்கள்.

பின்னால் கேசட் வந்தது, வீடியோ கோச் பேருந்து வந்தது. இரவுப் பயணத்தில் விளக்கை அணைத்தபின் பின்னிருக்கையில் இருப்பவருக்குத் திரை தெரியாது. ஆனாலும் பேருந்து முழுவதும் ஒரே நேரத்தில் சிரிக்கும். கண்ணால் பார்த்தது மறக்கலாம். காதால் இருபதுமுறை கேட்டது நாக்கில் தங்கிவிடும். வாய்மொழி இலக்கியம் பரவிய பாதையும் இதுதான்.

4. தொல்காப்பியம் தரும் அளவுகோல்

4.1 முதுசொல் இலக்கணம்

தொல்காப்பியம் செய்யுளியலில் பழமொழியை ‘முதுசொல்’ என்கிறது. நுட்பம், சுருக்கம், ஒளி, எளிமை ஆகிய இயல்புகளோடு, கருதிய பொருளை நிறுவுவதற்குக் காரணமாக வருவது என்று அதன் இலக்கணத்தை வகுக்கிறது. இந்த அளவுகோலை முன்னுரையில் சொன்ன நிகழ்ச்சியில் வைத்துப் பார்க்கலாம். ஒரே சொல்லாக இருந்தது, அது சுருக்கம். கேட்டவுடன் ஒரு காட்சி மனத்தில் எரிந்தது, அது ஒளி. நேரடியாகச் சொல்லாமல் சொன்னது, அது நுட்பம். பத்தாம் வகுப்புப் பையனும் அவன் தாயும் ஒரே கணத்தில் புரிந்துகொண்டார்கள், அது எளிமை. சம்பங்கி மாலைக்குத் தாயைச் சம்மதிக்க வைத்தது. அதுவே கருதிய பொருளை நிறுவுதல். முதுசொல்லின் இலக்கணம் ஒன்றுகூடக் குறையவில்லை. குறைவது முதுமை மட்டும்தான். நாற்பது ஆண்டு கடந்த சொல்லுக்கு அந்தக் குறையும் தீர்ந்துகொண்டிருக்கிறது.

4.2 நகை பிறக்கும் நான்கு இடங்கள்

மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது. அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. நாட்பேச்சில் நிலைத்த காட்சிகளை இந்நான்கில் அடக்கிக் காட்ட முடியும்.

அ) எள்ளல்: பிறரை இகழ்தலும் பிறரால் இகழப்படுதலும். கவுண்டமணியின் கலை பெரும்பாலும் முதல் வகை. எதிரே இருப்பவர் ஜமீனோ பண்ணையாரோ, போலித்தனம் தெரிந்தால் அவர் விடமாட்டார். வடிவேலுவின் கலை இரண்டாம் வகை. ‘வின்னர்’ படத்தில் தெருவில் கோடு கிழித்துச் சவால் விடும் கைப்புள்ள, தன் சவாலாலேயே மாட்டிக்கொள்கிறார்.

ஆ) இளமை: வயது வளர்ந்தும் உள்ளம் வளராத குழந்தைத்தனம். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் நடித்த செல்லப்பா, கையில் காசில்லாமல் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ தொடங்கியவர். அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவை உட்காரவைத்து அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியில், குழந்தை பயமுறுத்தப் பெரியவர் பயப்படுகிறார். புதுத்தொழில் தொடங்கப் போவதாக ஆர்வத்தோடு வரும் பிள்ளையை வீட்டுப் பெரியவர்கள் அன்போடு ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்பதுண்டு. திட்டாமல் எச்சரிக்கும் சொல் அது.

இ) பேதைமை: அறியாமை. பெட்ரோமாக்ஸ் காட்சி இதற்கு முழு எடுத்துக்காட்டு. ஆனால் அதைச் சுவைக்க அந்த விளக்கைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமா அதை ஏற்றுவதைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேன்டில் என்பது வலைபோல் நெய்த சிறு துணிப்பை. தோரியம், சீரியம் உப்புகளில் ஊறவைத்துச் செய்தது. அதைக் கட்டி முதன்முறை எரித்ததும் துணி எரிந்து போய்விடும். மிஞ்சுவது துணியின் வடிவில் நிற்கும் வெண்மையான சாம்பற்கூடு. பம்ப் அடித்ததும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரிய, அந்தக் கூடு கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் தரும். ஊர்வலத்தில் விளக்கைத் தலையில் சுமப்பவர் கால் இடறாமல் நடப்பார். விரல் பட்டால் கூடு உதிர்ந்துவிடும். “கிட்ட வராதே” என்பதுதான் மாமா விளக்கேற்றும்போது எங்களிடம் சொல்லும் ஒரே வார்த்தை.

படத்தில் செந்தில் செய்வது, எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாரும் செய்யத் துடித்து, செய்யாமல் அடக்கிக்கொண்ட காரியம். எப்படி எரிகிறது என்று கேட்டுக்கொண்டே அவர் அந்த மேன்டிலைத் தொட்டுவிடுகிறார். அந்த நேரம் பார்த்து விளக்கை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்து நிற்கிறார். உடைந்ததைச் சொல்ல முடியாமல் கவுண்டமணி, பெட்ரோமாக்ஸ் விளக்கேதான் வேண்டுமா என்று வந்தவரையே திருப்பிக் கேள்வி கேட்கிறார். என் அக்கா மகனுக்கு மண்ணெண்ணெய் வாடை தெரியாது, மேன்டில் தெரியாது. கேட்டது கிடைக்காதபோது கேட்டவரையே யோசிக்கவைக்கும் அந்தத் திருப்பம் மட்டும் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பொருள் மறைந்த பின்னும் சொல் வாழ்கிறது. உலக்கையும் உரலும் இல்லாத வீட்டில் உரல் பற்றிய பழமொழி வாழ்வதுபோல.

ஈ) மடன்: ஒருவர் மனத்தில் பதியவைத்ததைப் பிடித்துக்கொண்டு, எது வந்தாலும் விடாதிருத்தல். கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்து வாழைப்பழக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்தத் திரை விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னார் ஒருவர். கையில் இருப்பது ஒன்று. மற்றொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருப்பதுதான் அந்த மற்றொன்று என்கிறார் செந்தில். அடித்தாலும் மிரட்டினாலும் அந்தப் பதில் மாறுவதில்லை. அவர் சொல்வதில் தருக்கப் பிழையும் இல்லை. ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மற்றொன்றுதானே. கணக்குக் காட்டச் சொன்னால் கேள்வியையே விடையாகத் திருப்பித் தரும் எந்த இடத்திலும் நாம் வாழைப்பழத்தை நினைப்பது இதனால்தான். கடனாகக் கொடுத்த பணத்தைக் கேட்கப் போய், ஒருமணி நேரம் பேசிவிட்டு, பணமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் திரும்பி வந்த என் நண்பர் வீட்டில் சொன்ன ஒரே சொல் ‘வாழைப்பழம்’. அவர் மனைவி அடுத்த கேள்வி கேட்கவில்லை.

5. தோற்றவர் பக்கம் நிற்கும் பழமொழி

இதுவரை ஒற்றுமைகளைக் கண்டோம். இனி வேற்றுமை. இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுவே.

பழமொழி பெரும்பாலும் மேலிருந்து பேசும். பெரியவர் சிறியவருக்கும், வென்றவர் தோற்றவருக்கும், சேர்த்தவர் செலவழித்தவருக்கும் சொல்வது அது. ‘அன்றே சொன்னேன்’ என்ற குரல் அதற்குள் இருக்கும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதைக் காரியம் சிதறிய பிறகுதான் நாம் கேட்டிருக்கிறோம்.

நகைச்சுவைக் காட்சி கீழிருந்து பேசுகிறது. தருமிக்குப் பரிசு எளிதில் கிடைக்கவில்லை. செல்லப்பாவுக்குப் பணம் கிடைக்கவில்லை. கைப்புள்ள அடிவாங்குகிறார். நாய் சேகரை யாரும் ரவுடியாக மதிப்பதில்லை. வடிவேலு நடித்த இன்னொரு காட்சியில், ஆளாளுக்குத் தன்னை அடித்த கதையைச் சொல்லிக்கொண்டே வருபவர், அடித்தவர்களில் ஒருவன் தன்னை நல்லவன் என்று சொல்லிவிட்டதை நினைத்துக் கடைசியில் விம்மி அழுவார். அவமானத்துக்கு நடுவிலும் ஒரு மரியாதையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் அந்த மனத்தை, வேலைக்கும் கடனுக்கும் வரனுக்கும் அலைந்து பார்த்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். நம் தோல்வியைச் சொல்ல நம்மிடம் இதற்குமுன் இவ்வளவு இலேசான மொழி இருந்ததில்லை. அழுதால் இரக்கம் கேட்டதாகும். மறைத்தால் நெஞ்சு கனக்கும். ‘கைப்புள்ள நிலைமைதான்’ என்றால் சொன்னதுமாயிற்று, மானமும் போகவில்லை.

அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக ஓர் அரசு மருத்துவமனையில் சில இரவுகள் தங்கியிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். செய்தித்தாளை விரித்து எல்லாரும் படுத்திருப்போம். யாருக்கும் தூக்கம் வராது. கதவு திறந்தால் பத்துத் தலைகள் ஒன்றாக நிமிரும். ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும். தள்ளிப் படுத்திருந்த ஓர் அம்மா, மகனைச் சேர்த்திருந்தவர், கைப்பேசியில் ஒலியை மிகவும் குறைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். காது கொடுத்தேன். ‘பிரண்ட்ஸ்’ (2001) படத்தில் பெயின்ட் அடிக்க வரும் காண்டிராக்டர் நேசமணி. அடுத்து என்ன விழும், எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். மேலிருந்து சுத்தியல் அவர் தலையில் விழும் இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கத்தில் படுத்திருந்தவரும் சிரித்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, “இங்கிட்டு வந்து பாருங்கய்யா” என்று போனைச் சுவரில் சாய்த்துவைத்தார். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்தோம். நோயாளியின் பெயரோ நோயோ ஒருவருக்கொருவர் அதுவரை கேட்டதில்லை. காட்சி முடிந்தபின் பேச ஆரம்பித்தோம். விடிவதற்குள் எல்லாருக்கும் எல்லாருடைய கவலையும் தெரிந்திருந்தது.

மருந்து செய்யும் வேலையைச் சிரிப்பு செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்நியர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்குப் பொதுவான ஒரு சொத்து வேண்டும். எங்கள் ஊர்களும் சாதிகளும் வருமானங்களும் வேறு வேறு. நேசமணி மட்டும் பொது.

அதே நேசமணிக்காக 2019 மே மாதக் கடைசியில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் சமூக வலைத்தளங்களில் பிரார்த்தனை செய்தார்கள். சுத்தியலுக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்ட ஒரு பொதுவான பதிவுக்குக் கீழே, அது நேசமணியின் தலையில் விழுந்த செய்தியை ஒருவர் எழுத, மற்றவர்கள் அவருடைய உடல்நிலையை விசாரிக்கத் தொடங்கினார்கள். புதிய மத்திய அரசு பதவியேற்ற அதே நாள்களில், பதினெட்டு ஆண்டுப் பழைய கற்பனை மனிதரின் நலன் நாடு முழுவதும் பேசுபொருளாயிற்று. மற்ற மொழிக்காரர்கள் யார் இந்த நேசமணி என்று தேடினார்கள். ‘பிரண்ட்ஸ்’, 1999இல் அதே இயக்குநர் சித்திக் மலையாளத்தில் எடுத்த படத்தின் தமிழ் வடிவம் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கதை வந்தது வெளியிலிருந்து. அந்த மனிதரைத் தன் சொந்தக்காரராக்கிக்கொண்டது தமிழ்ப் பேச்சு.

6. காயப்படுத்தும் சிரிப்பு

ஆய்வு ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கலாகாது. எள்ளலின் முதல் வகையில் கொடிய பகுதி ஒன்று உண்டு. நிறம், உயரம், பருமன், வழுக்கை, திக்குவாய், பெண்ணின் தோற்றம், திருநங்கையரின் நடை ஆகியவற்றைச் சிரிப்புக்குரியவையாக்கிய காட்சிகள் தமிழில் ஏராளம். அவையும் இதே வழியில்தான் நாட்பேச்சுக்கு வந்தன. பழமொழிகளிலும் சாதியையும் பெண்ணையும் இழிவுசெய்பவை உண்டு. சுருக்கமும் ஒளியும் எளிமையும் நஞ்சுக்கும் பொருந்தும்.

எங்கள் உறவில் ஒரு பெண் குழந்தை. நிறம் சற்றுக் கறுப்பு. வீட்டு விசேஷங்களில் ஒரு படத்தின் வரியைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது பெரியவர்கள் சிலருக்கு வழக்கம். சொன்னவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். பத்து வயதுக்குப் பிறகு குடும்பப் படங்களில் அவள் இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் அவள் வேறு அறைக்குப் போய்விடுகிறாள் என்பதை நாங்கள் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆயின. பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் படங்களில் அவளுக்குரிய இடம் இனி நிரம்பாது.

ஆகவே பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். காட்சியில் தாழ்ந்துபோவது எது என்று கேட்டால் போதும் என்பது என் முடிவு. பெருமையடித்தல், பொய், பேராசை, போலி அதிகாரம் தாழ்ந்தால் அந்தச் சிரிப்பு யாரையும் நோகடிக்காது. கேட்பவர் விரும்பினால் அவற்றை விட்டுவிட முடியும். தோலையும் உடலையும் விட்டுவிட முடியாது. பெட்ரோமாக்ஸும் வாழைப்பழமும் மிக்சரும் நேசமணியும் இந்த அளவுகோலில் நிற்கின்றன. இந்நூற்றாண்டில் வந்த நகைச்சுவையில் உடலைப் பழித்தலுக்கு எதிர்ப்பு எழுவதும், நடிகர்களே வெளிப்படையாக அதைப் பற்றிப் பேசுவதும் நல்ல அறிகுறி. பேச்சுவழக்கு தானே களையெடுத்துக்கொள்ளும். நாம் அதற்குக் கை கொடுக்க வேண்டும்.

7. முடிவுரை

இக்கட்டுரையின் முடிபுகள் வருமாறு. தமிழ்த் திரையின் நகைச்சுவைக் காட்சிகள், வட்டார வழக்கில் அமைந்ததாலும், கழற்றி எடுக்கத்தக்க வடிவம் கொண்டதாலும், காதுவழி பரவியதாலும் நாட்பேச்சில் நிலைத்தன. முதுசொல்லுக்குத் தொல்காப்பியம் வகுத்த இயல்புகள் அவற்றுக்குப் பொருந்துகின்றன. நகையின் நான்கு நிலைக்களன்களில் அவை அடங்குகின்றன. பழமொழி அறிவுரை கூறும் இடத்தில் இவை தோள் கொடுக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. க்ரியாவின் ‘தற்காலத் தமிழ் அகராதி’ 1992இல் முதன்முதலாக வந்து, எழுத்தில் புழங்கும் இன்றைய தமிழைப் பதிவுசெய்தது. நகைச்சுவைக் காட்சிகள் வழங்கிய தொடர்களுக்கும் அத்தகைய ஒரு தொகுப்பு வேண்டும். ‘மிக்சர் தின்’ என்ற பதிவுக்கு எதிரே பொருளும், புழங்கும் இடமும், படமும், ஆண்டும் இருக்க வேண்டும். நடித்தவர் பெயரோடு எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதே எனக்கு முக்கியம். நம் பழமொழிகளை முதலில் சொன்னவர் யார் என்று நமக்குத் தெரியாது. எந்த வயலில், எந்தத் திண்ணையில், எந்தப் பாட்டி வாயில் பிறந்தன என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. இவற்றுக்கு வழி இருக்கிறது. பெட்ரோமாக்ஸையும் வாழைப்பழத்தையும் எழுதியவர் பெயர் ஏ. வீரப்பன். அன்று மண்டபத்தில் சம்பங்கி மாலைக்குச் சம்மதித்துச் சிரித்த என் அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியாது. இப்போது சொல்லியிருக்கிறேன்.